தோட்டத்து மண்ணும் பழங்காசும்

தைப்பொங்கல், தீபாவளி முதலிய பண்டிகைகளுக்கு முதல்நாள், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் எந்தப் பீலிக்கரைக்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். பித்தளைக் குடங்களும் செம்புகளும் குத்துவிளக்குகளும் கல்லின்மேல் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பெண்கள் புளியையும் சாம்பலையும் சேர்த்து அவற்றைத் தேய்த்துக்கொண்டிருப்பர். ஓராண்டுக் கறுப்புச் சிறிது நேரத்தில் கரைந்தோட, பாத்திரம் பொன்போல மின்னும். துலக்கிய பாத்திரமே வீட்டின் மதிப்பு என்பது தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த எண்ணமாகும்.

இந்த நல்ல பழக்கமே ஓரிடத்தில் பெருங்கேடாக முடிந்துவிடுகின்றது. தோட்டத்து மண்ணில் ஒரு பழங்காசு அகப்படும்போது, அதே புளியும் அதே சாம்பலும் அதன்மேலும் ஏறுகின்றன. கால் மணி நேரத்தில் காசு பளபளக்கின்றது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆயின், அக்காசு மண்ணுக்குள் எத்தனையோ ஆண்டுகள் காத்து வைத்திருந்த செய்தி, கழுவிய நீரோடு ஓடிப்போய்விட்டது என்பதை அவர்கள் அறிவதில்லை. பழங்காசை எவ்வாறு துப்புரவு செய்வது, எவ்விடத்தில் கையை நிறுத்திக்கொள்வது என்னும் இரண்டையும் ஆராய்வது இக்காரணத்தாலேயே இன்றியமையாததாகின்றது.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளில் பழங்காசுகள் வெளிப்படுவதற்குப் பல வழிகள் உண்டு. பெருமழை மலைச்சரிவின் மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது சில வெளிப்படும். கான் வெட்டும்போதும், பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போதும், பழைய லயங்களை இடித்துப் புதிய வீடுகளுக்கு அத்திவாரம் தோண்டும்போதும் சில அகப்படும். அண்மைக் காலத்தில் உலோகங்காட்டும் கருவியும் இவ்வழிகளுடன் சேர்ந்துகொண்டது. அக்கருவியிலுள்ள கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருப்பின், அதிலும் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். அதனால் நேரும் மாறுதலைக் கருவி ஒலியாக்கிக் காட்டும். புதைந்திருப்பது விக்டோரியா காலத்துச் செப்புக்காசா, நேற்று எறிந்த தகரமூடியா என்பதை அவ்வொலி திட்டமாகச் சொல்லாது. தோண்டிப் பார்த்த பின்னரே அது தெரியவரும்.

தோண்டுவது என்றவுடன் சட்டம் முன்னே வந்து நிற்கின்றது. இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களாகக் கொள்கின்றது. கண்டறியப்படாமல் மண்ணுக்குள் இருக்கும் அத்தகைய பொருள் அரசுக்குரியது. நிலத்தின் சொந்தக்காரரும் அதற்கு உரிமை பாராட்ட இயலாது. தொல்பொருள் தேடி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கிடைத்தாலும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். ஆகவே சோழர் காசு, பொலன்னறுவை மன்னர் காசு, யாழ்ப்பாண மன்னரின் சேதுக்காசு, ஒல்லாந்தர் துட்டு ஆகியவற்றில் எது கையில் அகப்பட்டாலும், அதைத் துலக்க முற்படாமல் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. 1815 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காசாயினும், தோட்ட நிலத்திற் கருவி கொண்டு தேடுமுன் நிலத்துக்குப் பொறுப்பானவரின் இசைவு வேண்டும். கோயில் வளவிலும் மயானத்திலும் எக்காரணங்கொண்டும் தோண்டலாகாது.

தேயிலைத் தோட்டத்து மண்ணிற் கிடைக்கக்கூடிய காசுகள் எவை என்பதை அறிந்தாலன்றி அவற்றின் மதிப்பு விளங்காது. 1825 ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுப் பவுண், சிலிங், பென்சுக் கணக்கு இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. ஏழை மக்களின் சின்னஞ்சிறு கொடுக்கல் வாங்கலுக்கு ஆங்கிலேயரின் மிகச் சிறிய காசாகிய பார்திங்கும் பெரிதாக இருந்தது. அதனால் 1828 ஆம் ஆண்டில் அரைப் பார்திங்கும், 1839 ஆம் ஆண்டிற் காற்பார்திங்கும் இந்நாட்டுக்கென அடிக்கப்பட்டன. காற்பார்திங் என்பது ஒரு பவுணில் 3,840 இல் ஒரு பங்கு. சுண்டுவிரல் நகத்தளவே உள்ள செப்புக்காசு அது. மண்ணிற் கிடந்தால் சிறு கல் என்றே எவரும் எண்ணுவர்.

1872 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ரூபாயும் சதமும் நாட்டின் கணக்காயின. 1870 ஆம் ஆண்டு பொறித்த கால், அரை, ஒரு சதம், ஐந்து சதம் ஆகிய செப்புக்காசுகள் அதற்கென வந்தவை. அவற்றின் ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலையும், மறுபக்கத்தில் தாளிப்பனை மரமும் உள்ளன. மரத்தை ஒட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் காசின் பெறுமதி சிற்றெழுத்துக்களாற் பொறிக்கப்பட்டுள்ளது. 1892 ஆம் ஆண்டில் 10, 25, 50 சத வெள்ளிக்காசுகளும், 1909 ஆம் ஆண்டில் மூலை மழுங்கிய சதுர வடிவான ஐந்து சதமும் வந்தன. இவற்றோடு, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய ஊர்களிலிருந்து கடல் கடந்து வந்தோர் இடுப்பில் முடிந்து கொண்டுவந்த இந்திய அணாவும் ரூபாயும் உண்டு. கோப்பிக் காலத்தில் கொழும்பிலே வேகந்தை, புதுக்கடைப் பகுதிகளிலிருந்த கோப்பி ஆலைகள், சில்லறைத் தட்டுப்பாட்டினால், தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கூலிக்கு ஈடாக வழங்கியதும் உண்டு. அவ்வில்லைகள் அரசாங்க நாணயம் அல்ல. எனினும் உழைப்பின் வரலாற்றை ஆராய்வோருக்கு அரசநாணயத்திலும் அவை அரியவை.

இக்காசுகளைத் தாங்கிய கைகள் எத்தகையவை என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1927 ஆம் ஆண்டிற் பிறந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, 1929 ஆம் ஆண்டு முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாட் பெயருக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என விதிக்கப்பட்டது. ஓர் ஐம்பது சத வெள்ளிக்காசும் நான்கு செப்புச் சதமும் ஓர் ஆணின் ஒரு நாள் உழைப்பு. அதுவும் நாள்தோறும் கைக்கு வந்ததன்று. மாதக் கணக்கில் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்த பின்னரே எஞ்சியது கைக்கு வந்தது. அவ்வாறிருக்க, பிரட்டுக்களத்தின் ஓரத்திலோ லயத்து வாசலிலோ தவறி விழுந்த ஒரு சதத்தை அக்குடும்பம் எவ்வளவு நேரம் தேடியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அக்காசு விழுந்த மண்ணின் இயல்பை இனி நோக்கலாம். தேயிலைச் செடி புளிப்பு மண்ணை விரும்புவது. அமிலத்தை அளக்கும் பீ.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. தேயிலைக்கு ஏற்ற மண் ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரையில் நிற்கும். இவ்வளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இதன்மேல் ஆண்டுதோறும் உரம் இடப்படுகின்றது. தழைச்சத்து உரத்திலிருந்து தோன்றும் அமோனியா செம்பைத் தாக்கும். சாம்பற்சத்துக்காக இடும் உரங்களிற் சில குளோரைட்டு உப்புக்களாம். அதற்கும் மேலாக, ஆண்டில் பெரும்பகுதியும் மழையும் மூடுபனியும் மண்ணை ஈரமாகவே வைத்திருக்கின்றன. எனவே வறண்ட மணலில் ஆயிரம் ஆண்டு கிடந்த காசைக் காட்டிலும், தோட்டத்து மண்ணில் நூறாண்டு கிடந்த காசு நலிந்திருப்பது வியப்பன்று.

செப்புக்காசு மண்ணிற் கிடக்கும்போது அதன்மேல் அடுக்கடுக்காகப் படலம் படிகின்றது. உலோகத்தை ஒட்டி முதலில் தோன்றுவது செந்நிறமான செப்பு ஒட்சைட்டு. அதன்மேல் படிவது பச்சைநிறக் களிம்பு. அதற்கும் மேலே மண்ணும் மணலும் வேர்த்துகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். இம்மூன்றையும் அழுக்கு என்று ஒரே சொல்லால் வழங்குவதிலேதான் பிழை தொடங்குகின்றது. மேலே ஒட்டிய மண் மட்டுமே அழுக்கு. களிம்பும் ஒட்சைட்டும் அக்காசின் செம்பே உருமாறி நிற்பவை. அரிப்பு மிகுந்த காசில், அரசியின் முகமும் ஆண்டும் எழுத்தும் உலோகத்தில் எஞ்சியிருப்பதில்லை. அவை அச்செந்நிறப் படலத்தின் மேற்பரப்பில் மட்டுமே வார்த்தெடுத்ததுபோல நிற்கின்றன. புளியும் எலுமிச்சையும் வினாகிரியும் களிம்பைக் கரைப்பதோடு அப்படலத்தையும் தாக்கிக் கரைத்துவிடும். கரைந்த பின் எஞ்சுவது குழிவிழுந்த வெறும் செம்புத் தகடு. பித்தளைக் குடத்துக்கு நன்மை செய்த புளி பழங்காசுக்கு நஞ்சாவது இதனாலேயே. குடத்திலே காக்கவேண்டிய எழுத்து ஏதும் இல்லை.

வெள்ளிக்காசின் நிலை சிறிது வேறானது. 1892 ஆம் ஆண்டு முதல் வந்த இலங்கை வெள்ளிக்காசில் ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. 1919 ஆம் ஆண்டிலிருந்து வெள்ளியின் பங்கு 550 ஆகக் குறைந்தது. மண்ணிற் கிடக்கும்போது அக்கலப்புச் செம்பு வெளியே கசிந்து பச்சைப் படலமாகப் படியும். அதைக் கண்டு செப்புக்காசு என மயங்குவோர் உண்டு. வெள்ளியின்மேல் தோன்றும் கறுப்பு, கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். அது காசைத் தின்பதில்லை. ஆகவே அதை அகற்றியே தீரவேண்டும் என்பதுமில்லை.

இனிச் செய்யத்தகாதவற்றைத் தொகுத்து நோக்கலாம். புளி, எலுமிச்சை, வினாகிரி, உப்பு ஆகிய எதிலும் காசை ஊறவிடலாகாது. சாம்பல், செங்கற்பொடி, பற்பசை, பித்தளைக்கு மெருகேற்றும் தைலம் ஆகியவற்றால் தேய்க்கலாகாது. இவற்றிலுள்ள நுண்துகள் ஒவ்வொன்றும் கீறலாகப் பதியும். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் அறவே கூடா. அடுப்பிலிட்டுச் சுடுவது படலத்தை வெடிக்கச் செய்யும். உப்பு நீரில் மின்கலத்தை இணைத்து மின்பகுப்புச் செய்து பார்ப்போரும் உளர். அதனால் காசின் மேற்பரப்பு உரிந்துபோவதன்றி, நச்சுவாயுவாகிய குளோரீனும் தோன்றக்கூடும். எண்ணெயில் மாதக்கணக்காக ஊறவைப்பதும் பலர் கையாளும் முறை. எண்ணெயிலும் அமிலங்கள் உண்டு. அவை மெல்ல மெல்லச் செம்பைக் கரைப்பவை. பின்னர் அந்த எண்ணெயை நுண்துளைகளிலிருந்து அகற்றுவதும் எளிதன்று.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதற்பணி காசை மண்ணிலிருந்து எடுக்கும் இடத்திலேயே தொடங்குகின்றது. எடுத்தவுடன் விரலால் தேய்த்து ஆண்டைப் பார்க்க விரைவது மனித இயல்பு. மண்ணிலுள்ள கூரிய மணலே அப்போது அரமாகின்றது. ஆகவே ஒட்டிய மண்ணோடு காசை ஒரு தாளுறையிலிட்டு, அதன்மேல் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பழைய லயத்தின் எப்பக்கம், எத்தனை அங்குல ஆழம், உடன் கிடைத்தவை எவை என்பவற்றை எழுதுதல் வேண்டும். பல காசுகள் ஒரே இடத்தில், அல்லது ஒரு கலயத்துக்குள் காணப்பட்டால், அவற்றை அசைக்காமல் நிறுத்திக்கொண்டு அறிவிப்பதே நன்று. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் வரிசையும் ஒரு சான்றாகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின், துப்புரவுக்கு முன்னரே இருபக்கமும் நிழற்படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் காசைத் தனியாக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, காய்ச்சி வடித்த நீரை ஊற்றலாம். அது கிடையாதவிடத்து, மின்கலங்களுக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் கனிமம் நீக்கிய நீர் பயன்படும். கொதிக்கவைத்து ஆறிய குழாய்நீர் இதற்கு ஈடாகாது. கொதிப்பதால் உப்புக்கள் அகலமாட்டா. நாள்தோறும் நீரை மாற்றி, நீர் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை இதனைத் தொடர்தல் வேண்டும். சில நாள்களிலோ சில வாரங்களிலோ மண் இளகும். வெவ்வேறு உலோகக் காசுகளை ஒரே கிண்ணத்தில் இடலாகாது.

மண் இளகிய பின் மிக மென்மையான தூரிகையால், நீருக்குள்ளேயே, அழுத்தாமல் வருடிவிடலாம். எழுத்துக்களின் இடுக்கில் ஒட்டிய மண்ணுக்கு ஊசி ஆகாது. உருப்பெருக்குக் கண்ணாடியின் உதவியோடு, கூராக்கிய மூங்கிற் குச்சியைக் கையாளல் வேண்டும். செம்பினும் மூங்கில் மென்மையானது. தவறினாலும் குச்சியே மழுங்கும். வேலையைத் தொடங்கும் இடமும் முக்கியமானது. முகத்திலோ ஆண்டிலோ தொடங்காமல், எழுத்தில்லாத வெற்றிடத்தில் தொடங்கினால், படலம் எவ்வளவு உறுதியானது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மண் நீங்கிப் பச்சையோ பழுப்போ ஆன வழுவழுப்பான பரப்புத் தோன்றியவுடன் கையை எடுத்துவிடல் வேண்டும். அங்கே துப்புரவு முடிந்தது. அதற்கு அப்பால் செய்வதெல்லாம் அழிவே.

ஒரு நிலைமையில் மட்டும் இவ்வமைதி போதாது. சில செப்புக்காசுகளில் வெளிறிய பச்சைநிறப் பொடி புள்ளிபுள்ளியாகத் தோன்றும். துடைத்தால் நீங்கும், சில நாளில் மீண்டும் அதேயிடத்தில் பொங்கும். இதனை வெண்கல நோய் என்பர். காசுக்குள் புகுந்த குளோரைட்டு உப்பு, காற்றின் ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலம் செம்பைத் தின்று மீண்டும் குளோரைட்டையே பிறப்பிக்கும். ஈரம் உள்ளவரை இச்சுழற்சி ஓயாது. 1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களிற் காணப்பட்ட இலைநோயும் சிறு புள்ளியாகவே தொடங்கிச் சில ஆண்டுகளிற் பெருந்தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அந்நோயைப்போலவே இதுவும் தொடக்கத்திற் சிறியதாகத் தோன்றும். உப்பும் புளியும் சேர்த்துக் காசைத் துலக்குவோர் இந்நோயின் வித்தைத் தாமே காசுக்குள் வைக்கின்றனர் என்பதும் கருதத்தக்கது.

இந்நோய் தமிழ்நாட்டின் தெய்வத் திருமேனிகளையும் விட்டுவைத்ததில்லை. சென்னை அரசினர் நூதனசாலையில் இருந்த வெண்கலப் படிமங்களை இது தாக்கியமையால், 1930 ஆம் ஆண்டில் அங்கே ஓர் இரசாயன ஆய்வுகூடம் ஏற்பட்டது. எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர் மின்பகுப்பு முறையைத் திட்டமான அளவோடு கையாண்டு அப்படிமங்களுக்கு மருத்துவம் செய்தார். கருவியும் அளவும் அனுபவமும் உள்ள ஆய்வுகூடத்தில் மருந்தாவது, அடுப்பங்கரையிற் கேடாகின்றது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம். நோயுற்ற காசை வீட்டிலுள்ளவர் செய்யக்கூடியது, அதை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத பெட்டியில் வைத்து, அறிந்தவரிடம் காட்டுவதேயாகும்.

துப்புரவு செய்த காசைக் காப்பதும் அதைத் துப்புரவு செய்வதைப்போலவே கவனம் வேண்டும் பணியாகும். குளிரும் மூடுபனியும் நிறைந்த நுவரெலியா போன்ற ஊர்களிலே சுவரும் துணியும்கூட ஈரம் கோத்து நிற்கும். காசை மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மிதமான வெப்பமுள்ள உலர்ந்த இடத்தில் நன்றாகக் காயவிடல் வேண்டும். பின்னர் தனித்தனித் தாளுறையிலிட்டு, காற்றுப் புகாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைகளோடு வைக்கலாம். மென்மையான பீ.வீ.சீ. உறைகள் காலப்போக்கில் அமிலத்தைக் கக்குவன, அவை தகா. வியர்வையில் உப்பு உண்டு என்பதால், காசைப் பார்க்கும்போது அதன் விளிம்பை மட்டுமே பிடித்தல் வேண்டும்.

இவ்வளவு பொறுமை ஒரு சதக் காசுக்கு வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். ஓர் எடுத்துக்காட்டால் இவ்வினாவுக்கு விடை காணலாம். 1870 ஆம் ஆண்டு பொறித்த ஒரு சதம் பழைய லயத்தின் அடியிற் கிடைக்கின்றது என்று கொள்ளலாம். அதிலுள்ள ஆண்டு, அக்காசு அதற்கு முன்னர் அங்கே விழுந்திருக்கமுடியாது என்பதை மட்டுமே சொல்லும். எப்போது விழுந்தது என்பதை அறியத் துணைசெய்வது அதன் தேய்மானம். எழுத்துக்கள் கூராக நின்றால், அடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே விழுந்தது எனக் கருதலாம். அது கோப்பிக் காலம். முகமும் மரமும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால், ஐம்பதாண்டு பல கைகளில் உலாவி, தேயிலைக் காலத்தில் விழுந்திருக்கலாம். சாம்பலால் தேய்த்தவர் அரை நூற்றாண்டுத் தேய்மானத்தைக் கால் மணி நேரத்திற் செயற்கையாக உண்டாக்கிவிடுகின்றார். அதன்பின் அக்காசு பொய்ச்சாட்சியாகிவிடும். மரத்தை ஒட்டிய தமிழெழுத்துக்கள் மிகச் சிறியவை. உரைசலுக்கு அவை நெடுநேரம் தாக்குப்பிடிக்கமாட்டா.

காசிலுள்ள துளையும் வளையமும்கூடக் குறையல்ல. துளையிட்ட காசு ஒரு குழந்தையின் கழுத்தில் தொங்கியிருக்கலாம். ஒட்டிய பற்று, காசுமாலையின் எச்சமாகலாம். மஞ்சட் கறையோடு கூடிய துணி இழை, மாரியம்மனுக்கு நேர்ந்து முடிந்த காணிக்கையைக் காட்டலாம். இவற்றையெல்லாம் துப்புரவு என்ற பெயரில் அகற்றிவிட்டால், எஞ்சுவது சந்தையில் எங்கும் வாங்கக்கூடிய ஒரு காசு மட்டுமே.

மலையகத்து மக்களின் பழைய வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்நோக்கும் குறை ஒன்று உண்டு. தோட்டக் கணக்கேடுகள் துரைமாரின் காரியாலயத்தில் எழுதப்பட்டவை. கடனைச் சுட்டிய துண்டுச்சீட்டு 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியைப் பற்றிப் பேசியது. தொழிலாளி அதிற் பேசவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும், 1964 ஆம் ஆண்டில் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கையாலும், எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறின. அவர்கள் வாழ்ந்த லயக்காம்பராக்களில் கடிதமோ நாட்குறிப்போ எஞ்சவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அம்மக்களின் குரல் ஓரளவு தப்பியது. அவர்கள் கையாண்ட பொருள்களும் அவ்வாறே தொகுக்கப்படவேண்டியவை. அந்நோக்கத்தோடு 2007 ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கெனவே ஒரு நூதனசாலை அமைந்தது. கொழும்பு தேசிய நூதனசாலை 1877 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் வெளியீடாக எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924 ஆம் ஆண்டில் எழுதிய இலங்கை நாணய நூல் இன்றும் ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டுகின்றது.

ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடமும் இப்பணியிற் பங்குகொள்ளலாம். மாணவர் கண்டெடுக்கும் காசைத் துலக்காமல் ஆசிரியரிடம் கொண்டுவருவதும், ஆசிரியர் இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்து, ஓர் ஏட்டிற் பதிவதும் பெருஞ் செலவு வேண்டுவன அல்ல. ஒரு காசு தனியாகச் சொல்வது சிறிதே. ஒரு பள்ளத்தாக்கிலுள்ள பல தோட்டங்களின் ஏடுகளை ஒப்பிட்டால், எந்த லயத்தில் எக்காலத்தில் மக்கள் குடியிருந்தனர், இந்தியக் காசு எதுவரை புழங்கியது, எங்கே கோப்பிக் காலத்துத் தடம் உண்டு என்பன மெல்ல வெளிப்படும்.

குத்துவிளக்கைத் துலக்குவது வீட்டுக்கு மங்கலம். அப்பழக்கம் பீலிக்கரையில் என்றும் தொடரட்டும். மண்ணிலிருந்து வந்த காசுக்கு மட்டும் தெளிந்த நீரும் மூங்கிற் குச்சியும் பொறுமையும் போதும். துலக்காத காசை எந்நாளிலும் துலக்கிக்கொள்ளலாம். துலக்கிய காசை மீண்டும் பழங்காசாக்குதல் எவராலும் இயலாது.